மழலைச் சைகையும் சைகை மொழியும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பேசத் தொடங்காத குழந்தைக்குச் சில சைகைகளைக் கற்பித்தால், அக்குழந்தை தன் தேவையை அழுகையின்றி உணர்த்தும் என்றும், பின்னர் விரைந்து பேசும் என்றும், அதன் அறிவாற்றலும் பெருகும் என்றும் ஒரு கருத்து 1990களில் அமெரிக்காவில் பரவலாயிற்று. இன்று அது நூல்களாகவும் பட அட்டைகளாகவும் காணொலிகளாகவும் பயிற்சி வகுப்புகளாகவும் விற்கப்படுகிறது. 'குழந்தைக்குச் சைகை மொழி கற்பித்தல்' என்பது இதற்கு வழங்கும் பெயர். இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது, இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகள் எத்துணை வலிமை உடையன என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தவை இரண்டு வினாக்கள். ஒரே அடுக்ககத்தில் வாழும் இரு குடும்பத்தார் சில வார இடைவெளியில் இக்கட்டுரையாளரிடம் அவற்றைக் கேட்டனர். முதற் குடும்பத்தில் பத்து மாத ஆண் குழந்தை. காது நன்கு கேட்கிறது. பெற்றோர் பட அட்டைகளைப் பார்த்து அதற்குப் 'பால்', 'இன்னும்', 'போதும்' ஆகியவற்றுக்கான அமெரிக்கச் சைகைகளைக் கற்பித்து வருகின்றனர். "இதனால் சீக்கிரம் பேசிவிடுவானா?" என்பது அவர்களின் வினா. இரண்டாம் குடும்பத்தில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேளாதது. அதற்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் இடத்தில், வீட்டில் எதையும் கையால் காட்ட வேண்டா, காட்டினால் பேச்சு வராது என்று அறிவுறுத்தியுள்ளனர். "அவள் கையை நீட்டும்போதெல்லாம் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறோம். இது சரிதானா?" என்பது அத்தாயின் வினா.

பேச்சை வளர்க்கும் என்று ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்படுவது, பேச்சைக் கெடுக்கும் என்று மற்றொரு குழந்தைக்கு மறுக்கப்படுகிறது. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருத்தல் அரிது. இரண்டுமே போதிய சான்று அற்றவை என்பதும், இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். 'சைகை' என்னும் ஒரு சொல் வெவ்வேறான மூன்று பொருள்களைச் சுட்டி நிற்பதே அக்குழப்பம்.

2. ஒரு சொல், மூன்று பொருள்கள்

2.1 இயற்கைச் சைகை

எல்லாக் குழந்தைகளும் பேசுவதற்கு முன்பே கையால் தொடர்பு கொள்கின்றன. எவரும் வகுப்பு நடத்திக் கற்பிக்காமலே, ஏறத்தாழ ஓராண்டு நிறைவை ஒட்டிக் குழந்தை விரல் நீட்டிச் சுட்டுகிறது. 1975இல் எலிசபெத் பேட்ஸும் அவருடன் ஆய்ந்த இத்தாலிய அறிஞர்களும் இச்சுட்டலில் இருவகை நோக்கங்களைப் பிரித்துக் காட்டினர். ஒரு பொருளைப் பெறுவதற்காகச் சுட்டுவது ஒன்று. 'அதோ பார்' எனப் பிறர் கவனத்தைத் தன் கவனத்தோடு இணைப்பதற்காகச் சுட்டுவது மற்றொன்று. பின்னதில் குழந்தைக்கு வேண்டுவது பொருள் அன்று. தன்னோடு சேர்ந்து பார்க்கும் ஒருவர்.

தமிழ் மரபிலக்கணம் அ, இ, உ என்பவற்றைச் 'சுட்டு' எனக் குறித்தது. விரலின் செயலைக் குறிக்கும் சொல்லே எழுத்தின் பெயராகவும் நிற்பது கருதத்தக்கது. 'அது', 'இது', 'அங்கே' என்னும் சொற்கள் குழந்தையின் வாயில் தோன்றும்போது, பெரும்பாலும் விரலும் உடன் நீண்டிருக்கும். மொழியின் ஒரு வேர் கையில் உள்ளது என்பதைத் தமிழர் அறியாதிருந்தனர் அல்லர். பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களுள் சப்பாணி கை தட்டுதலையும், அம்புலி நிலவைக் காட்டி அழைத்தலையும் மையமாகக் கொண்டவை. இவை இலக்கிய மரபுகளே. வளர்ச்சி உளவியலின் அளவீடுகள் அல்ல. எனினும், பேச்சுக்கு முந்திய காலத்தில் தாயும் சேயும் கையால் உரையாடுவதை அம்மரபு உற்று நோக்கியுள்ளது எனலாம்.

2.2 குறியீட்டுச் சைகை

இரண்டாவது வகை, ஒரு பொருளுக்கோ நிகழ்வுக்கோ பெயர்போல் நிலைபெற்ற சைகை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த லிண்டா அக்ரடோலோ, தம் ஆய்வுத் துணைவர் சூசன் குட்வினுடன் 1985இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வித்திட்டது. அது ஒரே ஒரு குழந்தையைப் பற்றியது. அக்குழந்தை அக்ரடோலோவின் மகள். பூவைக் கண்டால் மோந்து பார்ப்பதுபோல் மூக்கைச் சுருக்குவதும், சிலந்தியைக் கண்டால் இரு சுட்டு விரல்களையும் ஒன்றோடொன்று தேய்ப்பதும் அக்குழந்தையின் வழக்கமாயின. பூவைக் கேட்கும்போது மட்டுமன்றி, படத்தில் உள்ள பூவைக் காணும்போதும் அதே செயல் நிகழ்ந்தமையால், அதனைப் பெயரிடுதலாகவே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 1988இல் மேலும் பல குழந்தைகளிடம் இத்தகைய சைகைகளைக் கண்டு பதிவு செய்தனர். கட்டுரையின் பிற்பகுதியில் இதனையே 'மழலைச் சைகை' எனக் குறிப்போம்.

2.3 சைகை மொழி

மூன்றாவது, காது கேளாதோர் சமூகங்களின் இயற்கை மொழி. அமெரிக்கச் சைகை மொழியின் அடையாளங்கள் கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளாகப் பகுக்கத்தக்கவை என்பதை 1960இல் வில்லியம் ஸ்டோக்கி நிறுவினார். பேச்சு மொழியின் ஒலியன்களைப் போன்ற அமைப்பு அவற்றுக்கு உண்டு என்பது அதனால் பெறப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் உருபனியலையும் தொடரியலையும் விளக்கின. சைகை மொழி உலகம் முழுமைக்கும் ஒன்றன்று. அமெரிக்கச் சைகை மொழி, 1817இல் ஹார்ட்ஃபோர்டில் நிறுவப்பட்ட பள்ளியின் வழியே பிரெஞ்சுச் சைகை மொழியோடு உறவுடையது. இந்தியச் சைகை மொழி அதனின் வேறானது.

இந்தியச் சைகை மொழியின் இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தரலாம். அதில் பொதுவான வினாச் சைகை ஒன்று உண்டு என்றும், அது தொடரின் இறுதியில் வரும் என்றும் உல்ரிக்கே செஷான் தம் விளக்கத்தில் காட்டியுள்ளார். 'முகம்' என்பதோடு அவ்வினா சேர்ந்தால் 'யார்'. 'இடம்' என்பதோடு சேர்ந்தால் 'எங்கே'. 'எண்' என்பதோடு சேர்ந்தால் 'எத்தனை'. எங்கு, எப்போது, எத்தனை என எகரத்தை முதலாகக் கொண்டு வினாச்சொற்களை அமைக்கும் தமிழரின் செவிக்கு இது விந்தையாகத் தோன்றாது. வினாக் கூறு ஒன்றே நின்று, பிற கூறுகளோடு கூடிப் பொருள் வேறுபடுவது இரண்டிலும் காணப்படும் ஒழுங்கு. ஆயின் சைகை மொழி அதனைத் தமிழிலிருந்தோ இந்தியிலிருந்தோ பெறவில்லை. அஃது அம்மொழியின் சொந்த இலக்கணம்.

இம்மூன்றின் வேறுபாட்டைச் சுருங்கக் கூறின், முதலாவது எல்லாக் குழந்தைகளிடமும் தானே தோன்றுவது. இரண்டாவது சில பெயர்களின் தொகுதி. மூன்றாவது இலக்கணமுடைய மொழி. பட அட்டைகளில் விற்கப்படுவது இரண்டாவது. அதற்கு இடப்படும் பெயரோ மூன்றாவதன் பெயர். 1999இல் ஜோசப் கார்சியா வெளியிட்ட நூலைப் போன்றவை, அமெரிக்கச் சைகை மொழியின் சொற்களையே கேட்கும் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தமையால் இம்மயக்கம் மேலும் வலுப்பட்டது. ஒரு மொழியின் இருபது சொற்களைப் பயன்படுத்துவது அம்மொழியைப் பயன்படுத்துவது ஆகாது. 'தேங்க்ஸ்', 'சாரி', 'பை' என்பவற்றைச் சொல்லும் குழந்தையை ஆங்கிலம் பேசும் குழந்தை என மொழியியலார் எவரும் கூறார்.

3. உறுதிமொழிகளும் சான்றுகளும்

3.1 கை வாயினும் முந்துமா?

நாவையும் குரல்வளையையும் ஆள்வதற்கு முன்பே குழந்தை கையை ஆளக் கற்கிறது; ஆதலால் சைகை பேச்சினும் முந்தும் என்பது முதல் உறுதிமொழி. ஜான் பான்வில்லியனும் பிறரும் 1983இல், காது கேளாத பெற்றோரின் 11 குழந்தைகளை ஆய்ந்து, முதற்சைகை சராசரியாக 8.5 மாதத்தில் தோன்றியதாக அறிவித்தனர். பேச்சில் முதற்சொல் ஏறத்தாழ ஓராண்டில் தோன்றுவது என்பதை நோக்க, இது முந்தியதே.

ஆயினும் இரண்டு தடைகள் உள. எட்டு மாதக் குழந்தையின் கையசைவுகளுள் எது சொல், எது வெறும் சைகை எனத் துணிவது எளிதன்று என்பது முதல் தடை. லாரா ஆன் பெட்டிட்டோ இத்தகைய தொடக்கச் சைகைகளைச் சொற்களாகக் கணக்கிடுவதை மறுத்து, கைவழி மொழியும் வாய்வழி மொழியும் ஒரே காலவரிசையில் வளர்வன என வாதிட்டார். 1991இல் அவரும் பவுலா மாரன்டெட்டும் வெளியிட்ட ஆய்வு, சைகை மொழிச் சூழலில் வளரும் காது கேளாத குழந்தைகள், பிற குழந்தைகள் வாயால் மழலையொலி எழுப்புவதுபோல், கையால் 'மழலை' பயில்கின்றன எனக் காட்டியது. மொழித்திறன் ஒலிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் கை முந்தும் என்பதற்கு இது சான்றன்று.

இரண்டாம் தடை ரிச்சர்ட் மையரும் எலிசா நியூபோர்ட்டும் 1990இல் எழுப்பியது. சான்றுகள் அனைத்தையும் திறனாய்ந்த அவர்கள், முதற்சொற்கள் தோன்றுவதில் சைகைக்குச் சிறிது முந்துநிலை இருக்கலாம் என ஏற்றனர். ஆனால் சொற்களைத் தொடராக்கும் நிலையிலும், இலக்கணக் கூறுகள் தோன்றும் நிலையிலும் அம்முந்துநிலை காணப்படவில்லை என்றனர். கை சில வாரங்கள் முந்தித் தொடங்கினும், மொழி தன் காலத்திலேயே வருகிறது என்பது இதன் பொருள்.

3.2 பேச்சு விரையுமா?

இது பெற்றோரை மிகுதியும் ஈர்க்கும் உறுதிமொழி. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது, குட்வின், அக்ரடோலோ, கேத்தரின் பிரவுன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு. 11 மாத வயதுடைய 103 குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவின் பெற்றோர் சைகைகளையும், மற்றொரு குழுவின் பெற்றோர் பேச்சுச் சொற்களையும் ஊக்குவித்தனர். மூன்றாம் குழுவுக்குப் பயிற்சி ஏதும் இல்லை. மூன்று வயது வரை குழந்தைகளின் மொழி பலமுறை அளவிடப்பட்டது. இரண்டு வயது வரையிலான சில சோதனைகளில் சைகைக் குழு பயிற்சி பெறாத குழுவைவிட மேலோங்கி நின்றது. மூன்று வயதை நெருங்குகையில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது.

ஆய்வாளர்க்கு உரிய பெருமையைக் குறைத்தல் கூடாது. பெற்றோரின் கூடுதல் கவனமே காரணமாக இருக்கலாம் என்னும் மறுப்பை அவர்களே எதிர்நோக்கினர்; பேச்சுச் சொற்களை ஊக்குவித்த குழுவை அமைத்ததற்குக் காரணம் அதுவே. அக்குழு பெரிதும் முன்னேறவில்லையாதலால் கவனம் மட்டும் காரணமன்று என்பது அவர்களின் வாதம். இவ்வாதம் சிந்திக்கத்தக்கது. ஆயினும் பேசாத குழந்தையிடம் 'சொற்களைச் சொல்' என வற்புறுத்தும் பெற்றோரின் கவனமும், குழந்தையின் கையை உற்று நோக்கும் பெற்றோரின் கவனமும் ஒரே தன்மையன எனக் கொள்ள இயலுமா என்பது வினா.

ஜான்ஸ்டனும் பிறரும் 2005இல் இத்துறையின் ஆய்வறிக்கைகளைத் திரட்டி, தகுதியுடைய 17ஐ மதிப்பிட்டனர். அவற்றுள் 13 நன்மை உண்டு எனக் கூறியிருந்தன. எனினும் குழந்தைகளின் எண்ணிக்கைக் குறைவு, ஒப்பீட்டுக் குழு இன்மை முதலான குறைகளால், கேட்கும் குழந்தைகளுக்குச் சைகை பயிற்றுவது மொழியை வளர்க்கும் என்னும் கூற்றை அவை நிறுவவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2014இல் வெளியான மற்றொரு மதிப்பீடும் இம்முடிவையே எட்டியது.

எலிசபெத் கர்க்கும் பிறரும் இங்கிலாந்தில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இக்குறைகளுள் பலவற்றைக் களைய முயன்றது. 40 தாய்மாரும் அவர்தம் குழந்தைகளும் நான்கு குழுக்களாக வகுக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் பிரித்தானியச் சைகை மொழிச் சொற்கள். ஒன்றுக்கு எளிய குறியீட்டுச் சைகைகள். ஒன்றுக்குப் பேச்சுச் சொற்கள். ஒன்றுக்குப் பயிற்சி இல்லை. 8 மாதம் முதல் 20 மாதம் வரை குழந்தைகள் கவனிக்கப்பட்டனர். கற்பித்த சைகைகளைக் குழந்தைகள் கற்றன. பேசுவதற்கு முன்பே பயன்படுத்தின. ஆயின் மொழி வளர்ச்சியில் குழுக்களிடையே வேறுபாடு இல்லை. குழுவுக்குப் பத்துக் குழந்தைகள் என்பது சிறு தொகையே. அதனால் 'பயன் சிறிதும் இல்லை' என முடிந்த முடிபாகக் கூறல் ஆகாது. 'விரைந்து பேசும்' என விற்பனை செய்வதற்கு இடமில்லை என்று மட்டும் உறுதியாகக் கூறலாம்.

3.3 அறிவாற்றல் பெருகுமா?

2000ஆம் ஆண்டில் பிரைட்டன் நகரில் நிகழ்ந்த மாநாட்டில், மேற்குறித்த குழந்தைகளுள் ஒரு பகுதியினரை எட்டு வயதில் மீண்டும் சோதித்ததாக அக்ரடோலோவும் குட்வினும் அறிவித்தனர். சைகைக் குழுவின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 12 புள்ளிகள் மிகுந்திருந்ததாக அவ்வறிக்கை கூறியது. விளம்பரங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவது இவ்வெண்ணே. ஆனால் இது மாநாட்டுக் கட்டுரை. துறையறிஞரின் மதிப்பீட்டுக்கு உட்பட்டு ஆய்விதழில் வெளிவந்ததன்று. மொழியில் கண்ட வேறுபாடே மூன்று வயதுக்குள் பெரிதும் மறைந்திருக்க, ஐந்தாண்டுக்குப் பின்னர் நுண்ணறிவில் அது இவ்வளவு பெருகித் தோன்றியது எங்ஙனம் என்பதற்கு விளக்கம் வேண்டும். முதலில் இருந்த 103 குழந்தைகளுள் பாதிக்கும் குறைவானவரே இரண்டாம் சோதனைக்கு வந்தனர் என்பதையும் கருத வேண்டும்.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, மழலைச் சைகையின் நன்மைகளைக் கூறும் 33 வலைத்தளங்களை ஆராய்ந்தது. அவை சான்றாகச் சுட்டியவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை கருத்துரைகளாகவும் விற்பனைப் பொருள்களைப் பற்றிய குறிப்புகளாகவுமே இருந்தன. ஆய்வு கூறும் 'இருக்கலாம்' என்பது விளம்பரத்தில் 'இருக்கிறது' எனத் திரிவதை இங்குக் காண்கிறோம்.

3.4 எஞ்சுவது யாது?

இக்கருத்தின் வரலாற்றில் ஒரு தாவல் உண்டு. 1985இலும் 1988இலும் பதிவான சைகைகளுட் பல குழந்தைகள் தாமே படைத்தவை, அல்லது பெற்றோருடன் ஆடிய விளையாட்டிலிருந்து தாமே எடுத்துக்கொண்டவை. மூக்கைச் சுருக்கிப் பூவைப் பெயரிட எவரும் அக்குழந்தைக்குக் கற்பிக்கவில்லை. அங்கு வியப்புக்குரியது குழந்தையின் படைப்பாற்றல். குழந்தை தானே செய்ததைக் கண்டு, குழந்தைக்குச் செய்ய வேண்டியது என மாற்றியபோது பாடத்திட்டம் பிறந்தது. மிகுதியாகச் சைகை செய்யும் குழந்தை மிகுதியாகச் சொற்களையும் அறிந்திருப்பது உண்மையாயினும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் எனல் வேண்டா. இரண்டும் ஒரே ஆற்றலின் இரு வெளிப்பாடுகளாக இருக்கலாம்.

ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005இல் பத்துக் குழந்தைகளை ஆய்ந்து கண்டது இங்கு நினைக்கத்தக்கது. குழந்தை முதலில் சைகையால் குறித்த பொருள்களே பின்னர் அதன் சொற்களஞ்சியத்தில் பெரிதும் இடம்பெற்றன. பறவையைச் சுட்டிக்கொண்டே 'தூங்குது' என்பதுபோல், ஒரு கருத்தைக் கையாலும் மற்றொன்றை வாயாலும் சேர்த்துணர்த்தத் தொடங்கிய குழந்தைகள் பின்னர் இருசொல் தொடரை எட்டின. இவை அட்டை பார்த்துக் கற்பித்த சைகைகள் அல்ல. எல்லா வீடுகளிலும் நிகழ்பவை.

கர்க் குழுவினர் கண்ட மற்றொரு முடிவே நம் கவனத்துக்கு உரியது. குழந்தைகளின் மொழியில் வேறுபாடு இல்லாவிடினும், சைகை பயிற்றிய தாய்மாரிடம் வேறுபாடு இருந்தது. பேச்சல்லாத குறிப்புகளை அவர்கள் மிகுதியும் உணர்ந்து மறுமொழி தந்தனர். பயிற்சி மாற்றியது குழந்தையின் நாவை அன்று, தாயின் கண்ணை. இது சிறிய பயன் அன்று. ஆனால் இதற்கு அமெரிக்கச் சைகை மொழியின் சொற்பட்டியல் வேண்டுவதில்லை. சோறூட்டும்போது குழந்தை முகத்தைத் திருப்பினால் 'போதும்' என உணர்ந்து கையை நிறுத்தும் பாட்டியிடம் அப்பயிற்சி முன்னமே உள்ளது.

கேட்கும் குழந்தைக்கு மழலைச் சைகையால் தீங்கு நேர்ந்ததாகவும் சான்றில்லை. டவுன் நோய்க்கூட்டு உடைய குழந்தைகளுக்குப் பேச்சோடு சைகைச் சொற்களையும் சேர்த்து வழங்குவது நெடுங்கால வழக்கம். அதன் தேவையும் நோக்கமும் வேறு. இங்கு மறுக்கப்படுவது சைகை அன்று. அதன் பெயரால் கூறப்படும் மிகைக் கூற்றுகளே.

4. அதே கை, வேறு தீர்ப்பு

இனி இரண்டாம் குழந்தைக்கு வருவோம். காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அமெரிக்காவில் இவர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல். ஆதலால் வீட்டில் பேசப்படும் மொழி இக்குழந்தையை முழுமையாக எட்டுவதில்லை. எட்டக்கூடிய மொழியை வீட்டார் அறிவதில்லை. இவ்விடைவெளியில் 'கையைப் பயன்படுத்தினால் பேச்சு வராது' என்னும் அறிவுரை தரப்படுகிறது.

இவ்வறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் பேச்சு முறையே மேலானது எனத் தீர்மானித்துச் சைகையை வகுப்பறையினின்று அகற்ற வழிசெய்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள்.

சைகை பேச்சைத் தடுக்கும் என்பதற்கு மொழியியல் சான்று உண்டா? பெட்டிட்டோ குழுவினர் 2001இல், கியூபெக் சைகை மொழியையும் பிரெஞ்சையும் ஒருங்கே பெற்று வளர்ந்த கேட்கும் குழந்தைகளை ஆய்ந்தனர். இருமொழிகளிலும் வளர்ச்சிப் படிகள் உரிய காலத்தில் நிகழ்ந்தன. ஒன்று மற்றொன்றைப் பின்தள்ளவில்லை. ரேச்சல் மேபெரியும் பிறரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் ஆழமானது. குழந்தைப் பருவத்தில் சைகை மொழியையோ பேச்சு மொழியையோ முழுமையாகப் பெற்றோர், பின்னர் வேறொரு மொழியை நன்கு கற்றனர். எந்த மொழியையும் முழுமையாகப் பெறாது வளர்ந்தோர், பின்னர்க் கற்ற மொழியில் பெரிதும் பின்தங்கினர். எந்த மொழி என்பதைவிட, உரிய வயதில் ஏதேனும் ஒரு மொழி என்பதே இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.

எதிர்ச்சான்றையும் மறைத்தல் கூடாது. ஆன் கியர்ஸும் பிறரும் 2017இல், செவிச்சுருள் உள்வைப்புப் பெற்ற குழந்தைகளுள் சைகைக்கு ஆட்படாதவர்களே பேச்சில் மேம்பட்டனர் என அறிவித்தனர். ஆனால் அவ்வாய்வில் 'சைகை' எனக் கொள்ளப்பட்டது யாது எனத் திறனாய்வாளர் வினவினர். கேட்கும் பெற்றோர் தாம் பேசும்போது இடையிடையே காட்டும் சைகைச் சொற்களும், சரளமான சைகை மொழியும் அங்குப் பிரித்து நோக்கப்படவில்லை என்பது அவர்கள் மறுப்பு. கேத்ரின் டேவிட்சன், டயான் லில்லோ-மார்ட்டின், டெபோரா சென் பிச்லர் ஆகியோர் 2014இல் ஆய்ந்தது, காது கேளாத பெற்றோரிடம் பிறப்பு முதலே சைகை மொழியைப் பெற்றுப் பின் உள்வைப்பும் பெற்ற ஐந்து குழந்தைகளை. அவர்களின் ஆங்கிலத் திறன், அத்தகைய பெற்றோரின் கேட்கும் குழந்தைகளின் திறனோடு ஒத்திருந்தது. ஐவர் என்பது மிகச் சிறிய எண். இதிலிருந்து பொதுவிதி வகுத்தல் இயலாது. ஆயினும் முழுமையான சைகை மொழி பேச்சைத் தவறாமல் கெடுக்கும் என்னும் விதியை மறுக்க இவ்வெண் போதும்.

சொற்களையும் மொழியையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவை இங்குத் தெளிவாகக் காணலாம். கேட்கும் குழந்தையின் பட அட்டையில் சில சொற்களுக்கு மொழி என்னும் பெயர் கிடைக்கிறது. கேளாத குழந்தையின் வீட்டில், ஒரு மொழிக்கு வெறும் கையாட்டல் என்னும் பெயர் கிடைக்கிறது.

இந்தியாவில் இதன் அளவு சிறிதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50.7 இலட்சம். 2015இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் புது தில்லியில் நிறுவப்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியறிந்த ஆசிரியரைப் பயிற்றி அமர்த்த வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இந்தியச் சைகை மொழியைப் பற்றிக் கூறுகிறது. இவை யாவும் பள்ளி வயதை நோக்கியவை. மொழி வேர் பிடிப்பதோ அதற்கு முன்னர், வீட்டில். கேட்கும் பெற்றோருக்கு, குழந்தையின் குறை கண்டறியப்பட்ட நாள் தொட்டு, காது கேளாத பெரியோரிடமிருந்து அம்மொழியைக் கற்க வழி செய்யாதவரை, அகராதியின் பத்தாயிரம் சொற்களும் அடுக்ககத்தின் அந்த வீட்டை எட்டா.

5. முடிவுரை

தொகுத்து நோக்கின், பின்வருவன பெறப்படும். கேட்கும் குழந்தைக்குக் கற்பிக்கப்படும் மழலைச் சைகை, பேச்சுக்கு முந்திய சில மாதங்களில் தொடர்புக்கு உதவக்கூடும். பேச்சை விரைவுபடுத்தும் என்பதற்கும் நுண்ணறிவைப் பெருக்கும் என்பதற்கும் ஏற்கத்தக்க சான்று இல்லை. அதன் மெய்யான பயன் பெற்றோரின் கவனத்தில் உள்ளது. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி, பேச்சை எட்டுவதற்கான ஏணி என்றோ அதற்குத் தடை என்றோ மதிப்பிடத்தக்கதன்று. அது மொழி. பேச்சுப் பயிற்சியும் கருவியும் உள்வைப்பும் தத்தம் பயனைத் தரும். அப்பயன் கிடைக்கும் வரை குழந்தையை மொழியின்றிக் காத்திருக்கச் செய்வதற்கு எந்த ஆய்வும் இசைவு தரவில்லை.

முதற் குடும்பத்தாருக்கு, "விரும்பினால் விளையாட்டாகச் செய்யுங்கள், அட்டை இல்லாவிடினும் குறையொன்றும் இல்லை, அவன் சுட்டும் திசையைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லுங்கள்" என இக்கட்டுரையாளர் விடையளித்தார். இரண்டாம் குடும்பத்தின் தாய்க்கு அளித்த விடை, "அந்தக் கையைக் கீழே இறக்காதீர்கள், அம்மா" என்பது. அதற்குமேல் கூற வேண்டியவற்றைக் கூற, அன்று மாலை நெடுநேரம் ஆயிற்று. இக்கட்டுரை அவ்விடையின் விரிவே.